தால்சேரில் புறப்படும் ஒரு கிராம்

ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டும் நிலக்கரிக்குள் பாதரசம் இருக்கிறது. பைரைட் போன்ற கந்தகக் கனிமங்களோடு ஒட்டிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இந்திய நிலக்கரியில் டன்னுக்குச் சுமார் 0.14 கிராம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஒரு கிராம் பாதரசம் சேர ஏழு டன் கரி வேண்டும்.

அந்த ஏழு டன் ரயிலில் பாராதீப் போய், கப்பலேறி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, வடசென்னை அனல்மின் நிலையத்தின் உலைக்குள் விழுகிறது. 357 டிகிரியில் கொதிக்கும் பாதரசத்துக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் கனலும் உலையில் வேறு வழியில்லை, முழுவதும் ஆவியாகிறது. அதன் போக்கைத் தீர்மானிப்பது அடுத்த சில நொடிகள்தான். புகை ஆறும்போது ஒரு பகுதி சாம்பல் துகளில் ஒட்டி, ஈஎஸ்பி எனும் மின்வடிகட்டியில் சிக்குகிறது. இன்னொரு பகுதி கரியிலுள்ள குளோரினோடு சேர்ந்து நீரில் கரையும் சேர்மமாகிறது; புகையைக் கழுவும் கருவி இருந்தால் அதையும் பிடித்துவிடலாம். எதோடும் சேராத தனி ஆவி புகைபோக்கி வழியே வெளியேறி, மாதக்கணக்கில் காற்றில் மிதந்து கண்டம் தாண்டும். எங்கோ நீரில் படிந்து, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு அது நஞ்சு.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் 2018-ல் இந்தியாவும் இணைந்தது. காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு உறுப்பு நாடுகள் கணக்கு வைக்க வேண்டும். நாட்டிலுள்ள புகைபோக்கிகள் எல்லாவற்றிலும் நின்று அளக்க முடியாது. எரித்த கரியின் எடை, அதிலுள்ள பாதரசத்தின் அளவு, வடிகட்டியில் சிக்காமல் தப்பும் விகிதம், இந்த மூன்றையும் பெருக்குகிறார்கள். முதல் எண் ரசீதிலேயே இருக்கிறது. மற்ற இரண்டும் சுரங்கத்துக்குச் சுரங்கம், உலைக்கு உலை மாறுபவை. மாதிரி எடுத்துச் சோதிக்காமல் வேறு நாட்டுக் கரியின் விகிதத்தைக் கடன் வாங்கினால், நாட்டின் மொத்தமே பிசகும். 2015-ல் மனிதச் செயல்களால் உலகக் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்கிறது ஐ.நா. மதிப்பீடு, அது 2,000 முதல் 2,820 வரை இருக்கலாம் என்றும் அதுவே சொல்கிறது. இந்த இடைவெளியை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மையான கணக்கு.

என்னை அதிகம் உறுத்துவது சாம்பலில் சிக்கிய பங்குதான். மின்நிலையக் கணக்கில் அது பிடிபட்ட பாதரசம். அதே சாம்பலைக் களிமண்ணோடு பிசைந்து செங்கல் சூளையில் சுட்டால் மறுபடியும் ஆவியாகிக் கிளம்பிவிடும். சூளையில் எரிக்கும் கரியை மட்டும் பெருக்கினால் அந்த ஆவி எந்தக் கணக்கிலும் வராது. சாம்பல் லாரி எங்கே போகிறது என்பதையும் கணக்கெடுப்பவர்கள் கேட்டுக் குறிக்க வேண்டும்.