வெள்ளை ஹெரால்டும் கிரீஸ் கன்னும்



போன வாரம் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் வெள்ளைக் காரின் படத்தைப் போட்டாலும் போட்டேன், ஆளுக்கொரு கேள்வி. "சார், இது பியட்டா?" என்றவர்கள்தான் அதிகம். இல்லை அப்பா, இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969 மாடல், நான்கு கதவு. என் மாமனார் வைத்திருந்தது. "இன்னும் ஓடுதா, இல்லை காட்சிக்கா?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தாள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. முப்பத்தாறு வருடம் வரலாறு நடத்தியவனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்று ஒரு ஊர். அங்கே 1903இல் ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவர் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில் நொடித்துப் போயிருந்த டிரையம்ப் கம்பெனியை வாங்கிப் போட்டார்கள். 1950களில் அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. கார் பாடிக்குத் தகடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை, போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. மற்றவர்களெல்லாம் சேஸிஸும் பாடியும் ஒன்றாக இணைந்த ஒரே கூடு மாதிரி கார் செய்ய ஆரம்பித்த காலத்தில், இவர்களுக்கு முழுக் கூடு அடித்துத் தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே போனார்கள். அடியில் இரும்புச் சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. தோற்றத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜொவானி மிக்கலோட்டி. 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

அங்கே இயலாமையால் செய்தது நமக்கு வசதியாகப் போனது. துண்டு துண்டாக இருப்பதைப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் ஏற்றலாம். வந்து சேர்ந்த இடத்தில் பெரிய பிரஸ் மெஷின் இல்லாமலே கோத்துவிடலாம். ஒரு பக்கம் அடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் கழற்றித் தட்டி மாட்டலாம்.

சென்னையில் யூனியன் கம்பெனியும் கோவென்ட்ரிக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து 1940களின் இறுதியில் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூரில். நம்ம ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போனால் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எட்டு, பத்து. 1953இல் டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, இங்கேயே உதிரிபாகம் செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று அரசு சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. வண்டலூர் நின்றது. 1961இல் அங்கே ஹெரால்டு வந்தது. 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் பின்னால் பெரிய எஞ்சின் போட்டார்கள். நமக்குப் பெட்ரோல் விலை கருதிக் கடைசி வரை அதே சின்ன எஞ்சின்தான். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு நமக்கு மட்டும்தான். கோவென்ட்ரியில் அப்படி ஒன்று செய்யவே இல்லை.

அதே 1961இல் கோவென்ட்ரி கம்பெனியை லேலண்டு வாங்கிவிட்டது. எண்ணூர் அசோக் லேலண்டு பெயரில் இருக்கிற அதே லேலண்டுதான். அந்த வகையில் நம்ம அரசு பஸ்ஸும் இந்தக் காரும் ஒன்றுவிட்ட உறவு. 1963க்குப் பிறகு இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் காரே கிடையாது. பிறந்த ஊரில் செத்துப்போன பெயர், வண்டலூரில் இன்னும் 25 வருடம் உயிரோடு இருந்தது.

சரி, ரிப்பேர் கதைக்கு வருகிறேன். போளூர் ரோட்டில் ஒரு பாய் பட்டறை வைத்திருந்தார். லாரிப் பட்டறையில் தொழில் கற்றவர். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஹெரால்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு பட்டம் வாங்கிய எஞ்சினியர் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் காரின் முகப்பு, மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். பாய் முன் டயர்மேல் திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார்.

வண்டி நின்றுபோனால் அவர் முறை மாறாது. முதலில் கரண்ட், பிறகு பெட்ரோல். பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் பக்கம் காட்டிச் சுற்றச் சொல்லுவார். பொறி நீலமாக வந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். மஞ்சளாக வந்தால் சி.பி. பாயிண்ட்டைத் திறப்பார். அதன் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்து அதில் 15 பங்கு இருக்கவேண்டும். பாயிடம் கேஜ் கிடையாது, ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டைதான். பிற்பாடு நான் கேஜ் வாங்கி அளந்து பார்த்தேன். அட்டை சரியாகத்தான் இருந்தது.

சித்திரை, வைகாசி வெயிலில் வரும் நோய் வேறு. கூட்டத்தில் மாடவீதியில் ஊர்ந்து போகும்போது திடீரென்று இருமி நின்றுவிடும். எஞ்சின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் பம்பு சூடேறி, குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடுவதுதான் காரணம். பம்பு ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்குச் சொட்டு வராது. மருந்து, ஈரத்துணி. பம்பின்மேல் நனைத்துப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். என் மாமியார் தூக்குச் சட்டியில் தண்ணீரும் ஒரு பழைய துண்டும் இல்லாமல் காரில் ஏறமாட்டார்.

இதெல்லாம் வழியில் நிறுத்தும் கோளாறுகள். உயிரை எடுக்கிற கோளாறு ஒன்று உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அதற்கு ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுற்றும். ஒரு பக்கத்துக்கு நேர்மரை, மறுபக்கத்துக்கு எதிர்மரை. இதற்கு விடவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கம்பெனி கைப்புத்தகத்திலேயே தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆயிலை ஏற்றுவதும் கிரீஸ் கன்னால்தான். அதனால் வாட்டர் சர்வீஸ் செய்கிற இடங்களில் எல்லா நிப்பிளுக்கும் வரிசையாகக் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது, மேலேயே கட்டிக்கொள்ளும். உள்ளே மரை காய்ந்துபோய், தண்ணீர் புகுந்து, தண்டு துருவேறும். ஒரு நாள் தண்டு அந்த இடத்தில் ஒடியும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும்.

என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியருக்கு அப்படித்தான் நடந்தது. செங்கம் ரோட்டில் ஒரு திருப்பம். நல்லவேளை, மெதுவாகத் திருப்பும்போது ஒடிந்தது. பின்னால் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். யாருக்கும் அடி இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வேறோர் ஊர்ப் பட்டறையில் "புல் சர்வீஸ்" செய்துகொண்டு வந்திருந்தார். பாய் அந்தத் தண்டைக் கழற்றி எடுத்து, மரையில் கெட்டியாக ஒட்டியிருந்த கிரீஸை விரலால் வழித்து என் கையில் தடவினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் கார் நிப்பிளுக்குப் பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு புள்ளி உண்டு. அந்த இடத்துக்கு ஆயில் மட்டும்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் ஓட்டாதீர்கள். நல்ல ட்ரன்னியனில் லேசாக ஆயில் கசிந்த தடம் இருக்கும். ஹெரால்டின் தம்பியான டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதேதான். வெளிநாட்டில் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.

ஹெரால்டின் பின் சக்கரங்களும் ஒரு தினுசு. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்கும் ஆக்சில். ஜாக்கியில் தூக்கினால் கால் மடக்கி நிற்கும் ஆட்டுக்குட்டி மாதிரி உள்ளே வளையும். இது நம் ஆட்களுக்குப் பிடிக்கவே இல்லை. 1972இல் வண்டலூர்க்காரர்கள் கெஸல் என்று பெயர் மாற்றி வெளியிட்டபோது சாதாரண நேர் ஆக்சிலுக்கு மாற்றினார்கள். அதுவும் சில வருடங்களில் நின்றது. 1985இல் ரோவர் காரின் உடம்பில் பழைய வேன்கார்டு காலத்து எஞ்சினைப் போட்டு ஸ்டாண்டர்டு 2000 கொண்டுவந்தார்கள். மாருதி வந்துவிட்ட நேரத்தில் அந்த விலைக்கு அந்த எஞ்சினை யார் வாங்குவார்கள்? 1988இல் உற்பத்தி நின்றது. நிர்வாகத்தின் மேல்தான் தவறு என்பது என் கருத்து. கை இருந்தது, மூளை இருந்தது. இருபது வருடம் புது எஞ்சினுக்குச் செலவழிக்க மட்டும் மனசு வரவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு. வண்டி ஓடும். 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதால் வால்வு சீட் சீக்கிரம் தேய்கிறது. லேத்தில் கடினமான சீட் போட்டாயிற்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கிறது. எத்தனால் தாங்கும் குழாய் போட்டிருக்கிறேன். 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய, உருமாறாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக்கூடாது. எங்கள் வீட்டில் சண்டையே இதில்தான். மகன் விண்டேஜ் என்கிறான். என் மனைவிக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவள் அப்பா காரில்தான் போகவேண்டும். நான் அவள் பக்கம்.

ஆனால் இடது பக்க ட்ரன்னியனில் சென்ற மாதத்திலிருந்து லேசான ஆட்டம். அதனால்தான் வண்டி ஷெட்டில் நிற்கிறது. பாயும் இப்போது இல்லை. அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறார். புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் புதிதாகவே செய்து விற்கிறார்கள். தீபத்துக்கு ஊருக்கு வருகிறவர்களில் யாராவது லண்டன் பக்கம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பணம் அனுப்பிவிடுகிறேன். வாங்கும்போது இடது பக்கத்து மரையா என்று மட்டும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு வாங்குங்கள்.