லைப்சிக்கிற்குப் படிக்கப்போன எர்னஸ்ரின்

ஜேர்மனிய இசையமைப்பாளர் றொபேர்ட் ஷூமானைப் பற்றி எழுதுபவர்கள் எர்னஸ்ரின் வொன் ஃபிரிக்கனை ஒரே வரியில் கடந்துவிடுவார்கள்: கிளாராவுக்கு முன்னர் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். அவர் எதற்காக அந்த நகரத்துக்கு வந்தார் என்பது அந்த வரியில் இல்லை. இசை படிக்க வந்தவர் அவர்.

1834இல் எர்னஸ்ரினுக்கு வயது 17. ஒஸ்ரியப் பேரரசின் ஆட்சியிலிருந்த பொஹீமியாவில், ஆஷ் என்ற சிறுநகரம் அவருடைய ஊர். எல்லை கடந்து சக்சனியிலுள்ள லைப்சிக்கிற்கு வந்து, பிரெட்றிக் வீக் என்ற ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் பியானோ பயின்றார். வீக்கின் மகள்தான் கிளாரா. அப்போது 14 வயது. வீக்கிடம் முன்னர் படித்த ஷூமானும் அங்கு வந்துபோவார். விரல் பாதிப்பினால் மேடைக் கலைஞராகும் கனவைக் கைவிட்டு, இசையமைப்பிலும் தானே தொடங்கிய இசைப் பத்திரிகையிலும் இறங்கியிருந்த காலம் அது.

அவ்வாண்டே இருவரும் இரகசியமாக நிச்சயம் செய்துகொண்டார்கள். எர்னஸ்ரினின் தந்தையான பாரன் ஃபிரிக்கன் புல்லாங்குழல் வாசிப்பவர். அவர் அமைத்த மெட்டொன்றை எடுத்துத்தான் ஷூமான் தன் 13ஆவது படைப்பான 'சிம்பொனிக் எற்றூட்ஸ்' தொகுதியைக் கட்டினார்.

பிறகுதான் சிக்கல். எர்னஸ்ரின் பாரனின் சொந்த மகள் அல்ல, திருமணத்துக்கு வெளியே பிறந்து அவரிடம் வளர்ந்தவர் என்பது 1835இல் ஷூமானுக்குத் தெரியவந்தது. சொத்தில் பெரிதாக எதுவும் வராது. எங்கள் சொல்லில் சொன்னால், சீதனம் இல்லை. இவரைக் கட்டினால் தான் கூலிக்காரனைப்போல உழைத்துத்தான் சீவிக்கவேண்டும் என்று ஷூமான் பயந்தார். இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய மனம் ஏற்கெனவே கிளாராவின் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் பிறப்பையும் சொத்தையும் காட்டி விலகுவது எவ்வளவு வசதியானது என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1836 பிறந்தபோது அந்த உறவு முடிந்திருந்தது.

இதற்குள் ஷூமான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஜேர்மனியர் சுவரங்களுக்கு எழுத்துகளால் பெயரிடுகிறார்கள். ஆஷ் என்ற ஊர்ப்பெயரின் நான்கு எழுத்துகளும் அவர்களுக்குச் சுவரங்கள். ஆங்கில முறையில் ஏ, ஈ பிளாட், சி, பி. அவருடைய சொந்தப் பெயரில் சுவரமாகக்கூடிய எழுத்துகளும் அதே நான்குதான். இந்தச் சுவரங்களை வைத்து 'கார்னவால்' என்ற பியானோத் தொகுதியை 1835இல் முடித்தார். அதில் 'எஸ்ரெல்லா' என்ற துண்டு எர்னஸ்ரினைக் குறிப்பது. 'கியாரினா' கிளாராவைக் குறிப்பது. எஸ்ரெல்லா ஒரு நிமிடம்கூட ஓடாது. அன்புடன் வாசிக்கவேண்டும் என்று மேலே குறிப்பு இருக்கிறது. கியாரினாவுக்கு உள்ள குறிப்போ, வேட்கையுடன் என்பது.

எர்னஸ்ரின் 1838இல் ஸெட்விற்ஸ் பிரபு ஒருவரை மணந்தார். அடுத்த ஆண்டே விதவையானார். 1840 செப்டெம்பரில் ஷூமான் கிளாராவை மணந்தார். அதன்பின் வெளிவந்த தன் 31ஆவது படைப்பான மூன்று பாடல்களை அவர் எர்னஸ்ரினுக்குச் சமர்ப்பித்தார். 1844இல், 28 வயதில், எர்னஸ்ரின் இறந்தார்.

ஆஷ் இன்று செக் குடியரசில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் பின், அங்கு பெரும்பான்மையாக வாழ்ந்த ஜேர்மன் மொழி பேசிய மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊரின் சுவரங்களை ஷூமான் தொகுதியின் நடுவே, 'ஸ்பிங்ஸ்' என்ற தலைப்பின்கீழ் தனியாக எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலான கலைஞர்கள் அந்த இடத்தை வாசிக்காமல் அடுத்த துண்டுக்குப் போய்விடுவார்கள்.