தாளில் எழுதாத வேகம்

பேத்தியின் டிஜிட்டல் பியானோவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வாசித்தால் வாசிப்பு பதிவாகும். பதிவாவது ஒலி அல்ல. எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகள்தான். 1983-இல் வந்த மிடி முறையில் அந்த அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு.

இந்த யோசனை பழையது. 1904-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்டெ நிறுவனம் 'வெல்டெ-மிஞோன்' கருவியைக் கொண்டுவந்தது. கலைஞரின் வாசிப்பு காகிதச் சுருளில் துளைகளாக மாறியது. சுருளைப் பியானோவில் மாட்டினால் காற்றின் உறிஞ்சலில் கட்டைகள் தாமே இயங்கின.

பிரெஞ்சில் பள்ளிப் படிப்பு படித்த எனக்கு தெபுஸ்ஸியின் பெயர் சிறுவயதிலேயே பழக்கம். 1910-இல் அச்சான அவருடைய பிரெலூட் தொகுதியில் 'மூழ்கிய பேராலயம்' என்றொரு துண்டு உண்டு. அச்சை நம்பிப் பலரும் அதன் சில பகுதிகளை மிக மெதுவாக வாசித்தார்கள். தெபுஸ்ஸியோ வெல்டெ சுருளுக்காக அவற்றை இருமடங்கு வேகத்தில் வாசித்திருக்கிறார். அச்சில் அந்தக் குறிப்பே இல்லை. 1918-இல் அவர் மறைந்தார். பிறகு சுருள்தான் சாட்சி.

"கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை" என்று சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய குமாஸ்தா நான். இதைப் படித்தபின் அந்த முகங்களில் சில நினைவுக்கு வருகின்றன.

தப்பாக வாசித்த பதிவை அழிக்கப் போனாள் பேத்தி. "இருக்கட்டும்மா" என்றேன்.