காசநோய் வில்லை

சில்லறைக் காசுகளால் எழுந்த ஒரு தருமத்தின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

1903 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலம். டென்மார்க்கு நாட்டு அஞ்சல் அலுவலர் எய்னார் ஹோல்பெல் என்பார், மலைபோல் குவிந்த வாழ்த்து மடல்களை வகைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மடலிலும் அஞ்சல் தலையோடு இன்னொரு சிறு வில்லையும் ஒட்டப்பெறின், காசநோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனையே எழுப்பலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அந்நாளில் அந்நோய்க்கு மருந்து கிடையாது. தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகியவையே மருத்துவம். ஏழைக் குழந்தைக்கு அவை எங்கே கிட்டும்? மன்னரின் இசைவோடு 1904 இல் வில்லை வெளிவந்தது. விலை அந்நாட்டுச் சல்லிக்காசு இரண்டே. முதல் ஆண்டிலேயே நாற்பது இலட்சத்திற்கு மேல் விற்றது! கோல்டிங் நகரில் குழந்தைகளின் மருத்துவ இல்லம் எழுந்தது.

1907 இல் அமெரிக்காவில் எமிலி பிசல் அம்மையார் 300 டாலர் வேண்டி இம்முயற்சியில் இறங்கினார், திரண்டதோ பன்மடங்கு.

நம் நாட்டில் இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 இல் இதனைத் தொடங்கியது. வில்லைத் தாள்கள் பள்ளிகளுக்கும் வந்தன. நந்தனத்துத் தெருக்களில் அவற்றை ஏந்தி வீடு வீடாக ஏறி இறங்கிய சிறுவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு பெரிய பங்களாவின் கதவு திறக்கவேயில்லை. அடுத்த சிறு வீட்டு மூதாட்டியோ முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பிறரிடம் கையேந்துதல் எளிதன்று. தமக்கன்றிப் பிறர் பிள்ளைக்காக ஏந்துவது இன்னும் அரிது என்பேன். ஹோல்பெல்லின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. மாலையில் காசை எண்ணி, வாத்தியாரிடம் கணக்கு ஒப்புவித்த அச்சிறுவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் காணோம்.