தங்கவயலின் மணியோசை

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களின் வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனியோர் இடம் உண்டு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். அவர்கள் உழைப்பால் ஆழ்ந்த சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் நிலமட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்சாரம் வந்ததும் இச்சுரங்கங்களுக்காகவே. 2001-இல் அவை மூடப்பட்டன. ஆயினும் அவற்றின் தொழில்முறையில் இன்றைய நமக்குரிய பாடம் ஒன்று எஞ்சியிருக்கிறது.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குவது இரும்புக் கயிற்றில் தொங்கும் கூண்டு. அதனை இயக்குபவர் மேலே இயந்திரச் சாலையில் அமர்ந்திருப்பார். பாதாளத்தில் நிற்பவரை அவர் காணமாட்டார். அவர் குரலையும் கேட்கமாட்டார். கூண்டின் ஆழத்தைக் காட்டும் கருவியும், மணியோசையுமே அவருக்குத் துணை. ஆகவே மணியின் எண்ணிக்கைக்குப் பொருள் வகுத்து வைத்தார்கள். ஓடும் கூண்டுக்கு ஒரு மணி அடித்தால் ‘நில்’ என்பது பொருள். மூன்று மணி அடித்தால் ‘ஏறுவோர் மனிதர்’ என்பது பொருள். கல்லையும் மண்ணையும் தூக்குவது போல் மனிதரைத் தூக்கலாகாது என்பதால், ஏறுவது இன்னது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதாயிற்று. சுரங்க விதிகளில் மற்றொன்றும் உண்டு. மணி தெளிவாகக் கேட்கவில்லையெனில், அது மீண்டும் ஒலித்துப் பொருள் விளங்கும்வரை இயந்திரத்தை அசைக்கலாகாது. ஐயத்துடன் இயக்கினால் பலியாவது மனித உயிர் அன்றோ!

கட்டளையிடும் முறைக்கு இது சான்று. கேள்வி கேட்கும் முறைக்கும் அச்சுரங்கமே சான்று தந்தது. 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டைத் தேடினர். வானிலிருந்து வரும் பிற துகள்களைப் பாறை பெரும்பாலும் தடுத்துவிடும். தப்பி வருபவை ஏறக்குறைய நேர்மேலிருந்தே வரும். நியூட்ரினோவோ பாறையை ஊடுருவி எத்திசையிலிருந்தும் வரவல்லது. ஆதலால் அவ்வறிஞர்கள் தம் கருவிகளைச் சுவர்போல் நிறுத்திப் பக்கவாட்டில் வருவனவற்றைப் பிடிக்குமாறு அமைத்தனர், வெற்றியும் கண்டனர். வேண்டாத விடைகள் நுழைய இயலாதபடி கேள்வியை அமைத்ததே அவர்களுடைய திறம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், எழுதிக் கேட்டால் எழுதி விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கைப்பேசி வரை வந்துவிட்டன. நாம் அவற்றுக்கு எழுதும் கட்டளையைப் ‘பிராம்ப்ட்’ என்கிறார்கள். இக்கருவியும் நம்மைக் காணாது. நம் உள்ளத்திலுள்ள நோக்கத்தைத் தானாக அறியாது. சுரங்க இயந்திரத்தை இயக்கியவருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. மணி விளங்காவிடில் அவர் நிறுத்திவிடுவார். இதுவோ பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு மேலே சென்றுவிடும். இல்லாததையும் உள்ளதுபோல் உறுதியாகச் சொல்லிவிடும்.

பம்பாயிலோ தில்லியிலோ வளரும் பேரன் ஒருவன், தன் பாட்டனார் உழைத்த ஊரைப் பற்றி அறிய விரும்பி, ‘கே.ஜி.எப். வரலாறு எழுது’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். 2018-இல் அப்பெயரில் வெளிவந்த திரைப்படத்தின் கற்பனைக் கதையும் மெய் வரலாறும் கலந்து வரக்கூடும். ‘கோலார்’ என்று மட்டும் கேட்டால், சற்றுத் தொலைவிலுள்ள கோலார் நகரின் செய்திகள் வரக்கூடும். அவன் இவ்வாறு கேட்கட்டும்: ‘கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில், 1880 முதல் 2001 வரை தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி, பள்ளி மாணவர்க்கு விளங்கும் தமிழில், 300 சொற்களில் எழுது. திரைப்படச் செய்தி வேண்டா. உறுதியில்லாத ஆண்டையும் பெயரையும் எழுதாதே. என் கேள்வி தெளிவாக இல்லையெனில், எழுதுமுன் என்னைக் கேள்.’

இதில் இடமும் காலமும் பொருளும் உண்டு. படிப்போர் இன்னார், அளவு இவ்வளவு என்பதும் உண்டு. வேண்டாததை விலக்கும் சுவர் உண்டு. ஐயம் நேரின் நிற்கச் சொல்லும் மணியும் உண்டு. எனினும், எத்துணை நன்றாகக் கேட்டாலும், வந்த விடையை நூல்களோடும், அங்கே வாழ்ந்த முதியோர் நினைவோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் நம் கடமை.

பாதாளத்தில் உழைத்தோர் பலர் தம் வரலாற்றை எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பற்றிப் பிழையான கதைகள் பரவினால் மறுத்துச் சொல்லுவோரும் நாளுக்கு நாள் குறைவர். ஆதலின் அவர்கள் மணியை அடித்தபோது காட்டிய கவனத்தை, அவர்களைப் பற்றிக் கேட்கும் நாமும் நம் சொற்களில் காட்டுவோமாக.