ஹோல்டர்னஸ் கடற்கரைப் போர் அரண்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஃபிளாம்பரோ முனைக்கும் ஸ்பர்ன் மணல்திட்டுக்கும் இடையே நீளும் நிலம் ஹோல்டர்னஸ். இரு உலகப் போர்களிலும் இங்கே எழுந்த பீரங்கித்தளங்களையும், 'பில்பாக்ஸ்' எனப்படும் கான்கிரீட் காவலறைகளையும் எதிரி தகர்க்கவில்லை. அவற்றைத் தாங்கிய நிலத்தைக் கடல் கொண்டது. பனியூழியில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய களிமண்தான் இந்தக் கரை. மழைநீர் ஊறி மேட்டில் வெடிப்பு விழும். ஒரு பாளம் அப்படியே வழுக்கி இறங்கும். விழுந்த மண்ணை அலை கரைத்துக்கொண்டு போகும். சராசரியாக ஆண்டுக்கு ஒன்றரை முதல் 2 மீட்டர் வரை கரை பின்வாங்குகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் கட்டியது மடமை என்று சொல்லப்படுவதுண்டு. அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. 14ஆம் நூற்றாண்டில் ராவன்சர் ஆட் என்ற துறைமுக நகரையே கடலுக்குக் கொடுத்த வட்டாரம் இது; அரிப்பு யாருக்கும் புதிதல்ல. 1940 கோடையில், டன்கர்க்கிலிருந்து படை திரும்பியபின், ஜெர்மானியர் எந்த வாரமும் கரையிறங்கலாம் என்ற நிலை. 50 ஆண்டு கழித்து மண் இருக்குமா என்பது அப்போது கேள்வியே அல்ல. காவலறையை உள்ளே தள்ளிக் கட்டினால் மேட்டின் அடிவாரம் சுடுவோர் கண்ணுக்கு மறைந்துவிடும். எனவே விளிம்பில் கட்டினார்கள். கான்கிரீட்டையும் குறை சொல்வதற்கில்லை. முதல் உலகப் போரில் கில்ன்சீயில் 9.2 அங்குலப் பீரங்கிகள் இரண்டுக்காகக் கட்டிய காட்வின் தளம் இன்று கடற்கரையில் சாய்ந்த பாளங்களாகக் கிடக்கிறது. செப்பலின் வான்கப்பல்களின் இரைச்சலைக் கேட்க அதே போரில் அதே ஊரில் எழுப்பிய குழிந்த கான்கிரீட் சுவரோ, கரையிலிருந்து தள்ளி வயலில் இருப்பதால் இன்னும் நிற்கிறது.

தடுப்புக் கட்டி எஞ்சியவற்றைக் காக்கலாமே என்பது நியாயமான கேள்வி. அதற்கு மாப்பிள்டன் விடை தருகிறது. அங்கே 1991இல் போட்ட கல் தடுப்புகள் ஊரையும் சாலையையும் காத்தன. ஆனால் தெற்கே போகவேண்டிய மணல் நின்றுபோக, கௌடன் பக்கத்தில் அரிப்பு கூடிற்று. ஒரு காவலறைக்காக அடுத்தவர் வயலைப் பறிகொடுக்க முடியாது. செய்யக்கூடியதும் செய்தே ஆகவேண்டியதும் விழுமுன் அளந்து பதிவதுதான். 1995இல் தொடங்கிய 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' திட்டத்தில் தன்னார்வலர்கள் நாடெங்கும் சுமார் 20,000 போர்க்கால இடங்களைப் பதிந்தார்கள். விழுந்தபின்னும் இந்தக் கான்கிரீட்டுக்கு மதிப்பு உண்டு. களிமண் கரைந்து ஓடிவிடும். கனத்த காவலறை பெரும்பாலும் நின்ற இடத்துக்குக் கீழேயே இறங்கித் தங்கும். அதிலிருந்து இன்றைய மேட்டு விளிம்புவரை நாடா பிடித்தால், போருக்குப்பின் கடல் தின்ற நிலம் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.