பெண்ணில்லாக் கல்யாணம்

ஆண்மகன் பெண்வேடம் பூணுவது நமக்குப் புதிய சங்கதியன்று. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் ஏற்ற இளைஞர்களைக் கண்டு, மேடையில் நிற்பவன் ஆண்பிள்ளை என்பதையே மறந்து கண்ணீர் உகுத்த தலைமுறை ஒன்று நம்மிடையே வாழ்ந்திருக்கிறது. அந்த வேஷத்தின் சிறப்பெல்லாம் ஆண் தெரியாமல் மறைந்துபோவதில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஊர்தோறும் தர்ம நிதிக்காக நடந்த ‘பெண்ணில்லாக் கல்யாணம்’ என்னும் கேளிக்கையிலோ, பாவாடைக்குள் இருப்பவர் ஊரறிந்த இன்னார் என்பது திரை விழும்வரை பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், அக்கேளிக்கையின் சரித்திரம் நமக்குத் தெளிவாக விளங்கும்.

அதற்கு இரண்டு முன்னோடிகளைச் சொல்லலாம். 1863 பிப்ரவரி 10ஆம் தேதி, டாம் தம்ப் என்று உலகறிந்த குள்ள நடிகருக்கும் லவினியா வாரனுக்கும் நியூயார்க்கின் கிரேஸ் தேவாலயத்தில் நடந்த விவாஹம் நாடெங்கும் பேச்சாயிற்று. பின்னர் சிறுவர் சிறுமியருக்கு மணமக்கள் வேடமிட்டு அதேபோலப் பொய்க்கல்யாணம் நடத்திச் சபைகள் பணம் சேர்க்கும் வழக்கம் அதிலிருந்து பிறந்தது. மற்றொன்று வடக்கே, பாஸ்டன் நகரத்தில். அங்கே முதலாம் காடெட் படையினர், தங்கள் ஆயுதசாலைக் கட்டட நிதிக்காக 1890களில் சங்கீத நாடகங்கள் நடத்தினர். ராபர்ட் பார்னெட் என்பவர் எழுதிய அந்நாடகங்களில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளே பெண்வேடம் ஏற்றார்கள். நியூயார்க்கில் 1912இல் தம் பெயராலேயே ஒரு நாடகசாலை விளங்கும் அளவுக்குப் புகழெய்திய பெண்வேட நடிகர் ஜூலியன் எல்டிஞ்ச், இந்த மேடையில் தேர்ந்து வந்தவர்தாம்.

இனித் தெற்கே வருவோம். பள்ளிக்கூட மண்டபத்திலோ நீதிமன்றக் கூடத்திலோ ஊர் திரண்டிருக்கும். கல்யாண கீதம் ஒலிக்க, ஜன்னல் திரையையே முகத்திரையாகத் தொங்கவிட்டுக்கொண்டு, பூச்செண்டுக்குப் பதிலாக முட்டைக்கோசும் கீரைக்கட்டும் ஏந்தி, ஊரிலேயே பருமனான மனிதர் மணமகளாக நடந்து வருவார். மனைவியிடம் இரவல் வாங்கிய கவுன் முதுகில் பொருந்தாமல் தையல் விட்டிருக்கும். மீசையை மழிக்க மறுத்தவரும் உண்டு, வாயில் சுருட்டோடு வந்தவரும் உண்டு. மணமகனோ அவர் தோளுக்கும் எட்டாத சிற்றுடம்புக்காரர். விம்மி விம்மி அழும் தாயார், பூத்தூவும் ‘சிறுமி’, கைவிடப்பட்ட பழைய காதலி என்று வரிசையாக வருகிறவர்கள் அத்தனை பேரும் பாங்கிக்காரர், வக்கீல், ஷெரீப், கடைமுதலாளி முதலிய பெரிய மனிதர்கள். வேடதாரிகளின் தொகை பெருகப் பெருக, அவர்களைப் பார்க்க வரும் உற்றார் உறவினரின் தொகையும், அவர்கள் வாங்கும் டிக்கெட்டின் தொகையும் பெருகும் என்பதே இதன் பொருளாதாரம். வசூல் தேவாலயக் கூரைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், தீயணைப்பு வண்டிக்கும் போகும்.

இதை ஒரு தொழிலாகவே நடத்திய ஸ்தாபனங்களும் தோன்றின. கென்டக்கி மாநிலத்துப் பார்ட்ஸ்டவுனில் இருந்த சிம்ப்ஸன் லெவி கம்பெனி, நாடகப் பிரதியோடு ஒரு டைரக்டரையும் ஊருக்கு அனுப்பி, உள்ளூர்க்காரர்களைக் கொண்டே ஒத்திகை பார்த்து அரங்கேற்றி, வசூலில் தன் பங்கைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தது.

இங்கே ஆராய்ச்சியாளர் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கொலம்பஸ் நகரம் 1848லும், சிகாகோ 1851லும், ஸான் பிரான்சிஸ்கோ 1863லும், ஆண் பெண்ணுடை தரித்து வெளியில் வருவதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியிருந்தன. நாதியற்ற ஒருவன் தெருவில் செய்தால் காவற்கூடத்துக்குப் போகவேண்டிய அதே காரியத்தை, ஊர்ப் பிரமுகர் மேடையில் செய்தபோது ஜனங்கள் கைதட்டிக் காசும் கொடுத்தார்கள். கௌரவம் என்னும் கவசம் பூண்டவருக்கே இந்த விளையாட்டு அனுமதிக்கப்பட்டது என்பது என் துணிபு. வெள்ளையர் முகத்தில் கரிபூசிக் கறுப்பின வேலைக்காரராக வந்து, வாய்திறந்து ஆட்சேபிக்க இயலாத மக்களைப் பரிஹசித்த காட்சிகளும் பல ஊர்களில் அக்கல்யாணத்தின் அங்கமாக இருந்தன. அதை வேடிக்கையென்று மன்னிப்பதற்கு நியாயமே இல்லை.

யுத்த காலத்துச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1918இல் அப்டன் முகாம் சிப்பாய்களைக் கொண்டு இர்விங் பெர்லின் நடத்திய ‘யிப் யிப் யாப்ஹாங்க்’ சங்கீத நாடகத்திலும், 1942 ஜூலை 4ஆம் தேதி பிராட்வேயில் தொடங்கிய ‘திஸ் இஸ் தி ஆர்மி’யிலும் சிப்பாய்களே நாட்டியப் பெண்களாக ஆடினார்கள், பின்னதன் வசூல் படைவீரர் அவசர உதவி நிதிக்குச் சென்றது.

1921இல் அட்லாண்டிக் நகரத்தில் தொடங்கிய அழகுப்போட்டி நாடு முழுவதும் பிரபலமடையவே, பொய்க்கல்யாணம் பொய் அழகுப்போட்டியாக உருமாறியது. உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து வீரர்கள் பட்டுக் கவுனும் குதிகால் செருப்பும் அணிந்து நடைபயிலும் ‘பெண்ணில்லா அழகுப்போட்டி’ தென்மாநிலங்களில் இன்றும் நடக்கிறது. புற்றுநோய்ச் சங்கத்துக்காக நடக்கும் ‘ரிலே ஃபார் லைஃப்’ நிகழ்ச்சிகளில், பெண்வேடமிட்ட ஆடவர்கள் கைப்பையைத் திறந்து நீட்டிக்கொண்டு கூட்டத்தினரிடம் நிதி சேர்ப்பதும் உண்டு.

பெயர் பெண்ணில்லாக் கல்யாணமே தவிர, பெண்கள் இல்லாமல் அது ஒருநாளும் நடந்ததில்லை. தேவாலயத்தைச் சார்ந்த மாதர் சங்கங்களே பெரும்பாலும் அதை ஏற்பாடு செய்தன. துணி தைத்தவர்களும், முகத்துக்குச் சாயம் பூசியவர்களும், டிக்கெட் விற்றவர்களும் மாதர்களே. ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் பெண்ணுக்கு இடமில்லாமையால் பையன் பெண்ணானான். இங்கோ பெண்கள் தாமே விலகி நின்று, தம் கணவன்மாரை மேடையேற்றித் தம் சங்கத்துக்குப் பொருள் ஈட்டினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது வேடமிட்ட ஆடவருக்குத்தான். ஆகவே இத்துறையில் இனி ஆராய வருகிறவர்கள், அந்தப் புகைப்படங்களோடு நின்றுவிடாமல் மாதர் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களையும் தேடிப் பார்க்கவேண்டும். அப்படித் தேடினாலும் பெயர்கள் எளிதில் அகப்படமாட்டா. 1918இல் பிரசுரமாகிப் பல ஊர்களுக்குச் சென்ற ‘பெண்ணில்லாக் கல்யாணம்’ பிரதியை எழுதியவர் ஒரு பெண்மணி. அதன் முகப்பில் காணப்படுவது ‘மிஸஸ் ஜேம்ஸ் டபிள்யூ. ஹன்ட்’ என்று அவர் கணவரின் பெயர்தான்.